பழி விழுந்த அம்மா

டீ ஆறிவிடும், குடித்துக்கொண்டே கேளுங்கள். ஒரு வீட்டில் பிள்ளைக்கு மனச்சிதைவு என்று தெரிந்தால், "வளர்த்த லட்சணம்" என்று முணுமுணுக்க யாராவது இருப்பார்கள். ஊர்வாயை விடுங்கள், படித்த மருத்துவர்களும் ஒரு காலத்தில் இதைத்தான் சொன்னார்கள். 1948இல் அமெரிக்காவில் ஃப்ரீடா ஃப்ரோம்-ரைக்மன் என்ற மனநல மருத்துவர், இந்த நோயை உண்டாக்கும் தாய் என்ற பொருளில் ஒரு பெயரே எழுதிவைத்தார்.

1956இல் கிரெகரி பேட்சனும் அவர் சகாக்களும் எழுதிய கட்டுரை இன்னும் நுட்பமானது. ஆஸ்பத்திரியில் தேறிவரும் மகனைப் பார்க்க அம்மா வருகிறாள். அவன் ஆசையாகத் தோளில் கை போடுகிறான். அவள் உடம்பு விறைக்கிறது. கையை எடுத்துவிடுகிறான். உடனே, என்மேல் உனக்குப் பாசம் இல்லையா என்று கேட்கிறாள். போட்டாலும் தப்பு, எடுத்தாலும் தப்பு. இப்படிப்பட்ட சிக்கலிலேயே வளரும் பிள்ளையின் மனம் சிதையும் என்றார்கள்.

கேட்கப் பொருத்தமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது போதுமென்றால் உலகத்தில் பாதிப் பேருக்கு இந்த நோய் வந்திருக்கும்! இன்னொன்று, அவர்கள் பார்த்தது நோய் வந்த பிறகான குடும்பத்தை. பல வருஷம் பயந்து பயந்து வாழ்ந்த அம்மாவின் உடம்பு விறைத்தது காரணமா, விளைவா?

பின்லாந்தில் பெக்கா தியெனாரி இந்த முடிச்சை அவிழ்க்கப் பார்த்தார். மனச்சிதைவு உள்ள தாய்மார் தத்துக் கொடுத்த பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்தார். பெற்றது ஒரு வீடு, வளர்த்தது வேறு வீடு. குழப்பமான வீட்டில் வளர்ந்தவர்களிடம் நோய் கூடுதல், நிம்மதியான வீட்டில் குறைவு. பரம்பரை ஆபத்து இல்லாத தத்துப்பிள்ளைகளை வீட்டுக் குழப்பம் அந்த அளவுக்குப் பாதிக்கவில்லை. அதாவது, பேச்சு மட்டும் நோயை விதைப்பதில்லை.

ஆனால் வந்த நோய் திரும்பத் திரும்ப வருவதில் பேச்சுக்குப் பங்கு உண்டு. லண்டனில் ஜார்ஜ் பிரவுன், ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவர்களின் குடும்பத்தாரிடம் பேட்டி எடுத்தார். என்ன சொன்னார்கள் என்பதோடு, எந்தக் குரலில் சொன்னார்கள் என்பதையும் கணக்கில் எடுத்தார். குத்தல், வெறுப்பு, அளவு மீறிய அரவணைப்பு இருந்த வீடுகளில் நோய் அதிகம் திரும்பியது. அரவணைப்பும் இந்தப் பட்டியலில் இருப்பதைக் கவனியுங்கள். சண்டிகரில் இதே முறையில் பார்த்தபோது, லண்டனைவிட அங்கே குத்தல் பேச்சு குறைவாக இருந்தது.

குத்தல் பெரும்பாலும் எதைப் பற்றி? குளிக்காமல், பேசாமல் மூலையில் கிடப்பதைப் பற்றித்தான். அது சோம்பல் இல்லை, நோயின் இன்னொரு முகம் என்று பழி விழுந்த அந்த அம்மாவுக்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள்.