ரேடார் பார்ப்பது மூன்று மீட்டர் மட்டும்

2021 ஜூலை 1-க்குப் பிறகு இந்தியாவில் பதிவாகும் விமானங்களுக்கு, ஜிபிஎஸ் பிழையைத் திருத்தும் இந்திய அமைப்பான ககனின் கருவி கட்டாயம் என்று அறிவிக்கப்பட்டது. கெடு நெருங்க நெருங்க வாசகர் கடிதங்கள் கூடின. பலரும் கேட்டது ஒன்றுதான்: திருப்பதி அருகே காதங்கியில் ரேடார் இருக்கிறதே, ஜிபிஎஸ் அலையைக் குலைக்கும் குமிழி அயனி மண்டலத்தில் கிளம்பினால் அதில் தெரிந்துவிடாதா?

தெரியும். என்ன தெரியும் என்பதில்தான் சிக்கல்.

பொழுது சாய்ந்ததும் அயனி மண்டலத்தின் அடிப்பக்கம் மளமளவெனக் கரைகிறது. மேல்பக்கம் அடர்த்தி குறையாமல் நிற்கிறது. லேசானதன் தலையில் கனமானது உட்கார்ந்தால் எத்தனை நேரம் தாங்கும்? அடியிலிருக்கும் மெல்லிய பிளாஸ்மா குமிழியாகப் பிய்த்துக்கொண்டு ஏறும்; சில இரவுகளில் 1,000 கி.மீ.யையும் தாண்டும். பெருவில் லிமாவுக்கு அருகே உள்ள ஹிகமார்கா ரேடாரைக் கொண்டு வுட்மேனும் லா ஹோஸும் 1976-இல் வெளியிட்ட படங்களில் அது விறகடுப்புப் புகைபோல எழுந்து நிற்கிறது.

அந்தப் புகையைக் குமிழி என்றே பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். ஹிகமார்காவின் அலை 50 மெகாஹெர்ட்ஸ். அலைநீளம் 6 மீட்டர். பிளாஸ்மாவில் 3 மீட்டருக்கு ஒன்றாகச் சுருக்கங்கள் வரிசைகட்டி நின்றால், அடுத்தடுத்த சுருக்கங்களில் பட்டுத் திரும்பும் அலைகளுக்குள் போகவர சரியாக 6 மீட்டர் வித்தியாசம். எல்லாம் ஒரே தாளத்தில் கூடி எதிரொலி வலுக்கும். இடைவெளி வேறானால் ஒன்றையொன்று அழித்துவிடும். பல கிலோமீட்டர் அகலக் குமிழியில் ரேடார் பொறுக்குவது இந்த 3 மீட்டர்ச் சுருக்கத்தை மட்டுமே. காதங்கியின் 53 மெகாஹெர்ட்ஸுக்கும் கிட்டத்தட்ட இதே கணக்கு. எனக்கு வியப்பும் கவலையும் தருவது இதுதான்.

ஜிபிஎஸ் அலையைக் குலைப்பவை சில நூறு மீட்டர் அளவுள்ளவை. அதுவரை நேராக ஓடிய சமிக்ஞைக் கோடு இரவு எட்டு மணி வாக்கில் ரம்பப் பல்லாக மாறுவது அவற்றால்தான். குமிழி வளரும்போது சிறிசும் பெரிசும் சேர்ந்தே இருக்கும். நள்ளிரவை ஒட்டி 3 மீட்டர்ச் சுருக்கம் முதலில் அடங்கும். பெரியவை பிறகும் தாக்குப்பிடிக்கும். ரேடார் திரை வெறிச்சென்று இருப்பதைக் காட்டி வானம் தெளிந்துவிட்டது என்று யார் சொன்னாலும் ஏற்க வேண்டாம்.

ககனுக்கு 2015-இல் கிடைத்த சான்றையும் இப்படித்தான் படிக்க வேண்டும். பிழை மிகுந்தால் விமானியை உடனே எச்சரிப்பேன் என்பதே அதன் உறுதி. எல்லா இரவும் தடையின்றி வழிகாட்டுவேன் என்று அது சொல்லவில்லை.

மற்ற கேள்விகள். பகலில்? குமிழி பெரும்பாலும் இரவுச் சங்கதி. எந்த மாதங்களில்? நம் பக்கம் மார்ச்–ஏப்ரல், செப்டம்பர்–அக்டோபர். சூரியன் கொதிக்கும் ஆண்டுகளில் கூடுதல். மழை மேகத்தால் வருமா? மேகம் மறைப்பதால் வருவதல்ல. அயனி மண்டலம் அதைவிட வெகு உயரம். கைபேசி வரைபடம்? சில மீட்டர் தள்ளிக் காட்டலாம்; தெருவில் நடப்பவருக்குப் பெரும்பாலும் தெரியாது.