தண்ணீர் கலங்கினால் கரையேறு!

குட்டித் தம்பி, தங்கைகளே! தாம்பரம், குரோம்பேட்டை, பல்லாவரம் பக்கம் இருப்பவர்களுக்கு மலை ஒன்றும் புதிதல்ல. மின்சார ரயிலில் போகும்போதே திரிசூலம் மலையைப் பார்க்கலாம். "அப்படியானால் நம்ம ஊர்ல ஏன் சார் அருவி இல்லை?" என்று வகுப்பில் ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி!

நம் மலைகள் குள்ளமானவை. பரப்பும் குறைவு. பெய்த மழை சிறிது நேரத்தில் வடிந்து, பாறை காய்ந்துவிடும். அருவிக்கு மேகத்தைத் தடுக்கும் உயரம் வேண்டும். மழைநீரை உறிஞ்சி, கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற காடும் வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலையில் இரண்டும் உண்டு. ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை தொடங்கியதும் குற்றாலத்தில் சாரல் அடிக்கும்; சிற்றாறு அருவியாகக் கொட்டும்.

அந்தக் குற்றாலத்துக்கு நான் தனியாகப் போய் மாட்டிக்கொண்ட கதையைக் கேளுங்கள்.

1982, ஆகஸ்ட் மாதம். ஆசிரியர் பயிற்சி முடித்துவிட்டு வேலைக்காகக் காத்திருந்தேன். வயது 20. தாம்பரத்தில் மீட்டர் கேஜ் ரயில் ஏறி, மறுநாள் தென்காசியில் இறங்கினேன். (இப்போது தாம்பரத்திலிருந்தே செங்கோட்டைக்கு ரயில் புறப்படுகிறது. உங்களுக்கு யோகம்!) வீட்டில், "நண்பனைப் பார்க்கப் போகிறேன்" என்று மட்டும் சொல்லியிருந்தேன். மலை ஏறப்போவது ஒருவருக்கும் தெரியாது. நான் செய்த முதல் தப்பு இது.

பேரருவிக்கு மேலே, காட்டுப்பாதையில் இரண்டு கிலோமீட்டருக்கு மேல் ஏறினால் செண்பகாதேவி அருவி வரும். ஒரு பக்கம் செங்குத்தான பாறை. மறுபக்கம் பள்ளத்தில் ஆற்றின் இரைச்சல். மூச்சு வாங்க ஏறிப் போனேன். அருவிக்குக் கீழே, ஆற்றின் நடுவில் வழவழப்பான பாறை ஒன்று இருந்தது. கணுக்கால் அளவு தண்ணீரைக் கடந்து அதில் உட்கார்ந்து, புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தேன். நல்ல வெயில். இதைவிட என்ன சுகம் வேண்டும்?

"ஏலே தம்பி, மேல ஏறு! தண்ணி கலங்குது தெரியலையா?"

கரையில் மூலிகை பறித்துக்கொண்டிருந்த ஒரு பெரியவர் கத்தினார். குனிந்து பார்த்தேன். கண்ணாடி போலிருந்த தண்ணீர் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது. சருகும் சுள்ளியும் மிதந்து வந்தன. அருவியின் சத்தமும் கனத்துவிட்டது. பொட்டலம், துணிப்பை, செருப்பு எல்லாவற்றையும் போட்டுவிட்டுக் கரைக்குத் தாவினேன். முழங்காலுக்கு மேல் தண்ணீர் இழுத்தது. பெரியவர் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். திரும்பிப் பார்த்தால், நான் உட்கார்ந்திருந்த பாறையைக் காணவில்லை!

"இங்க வெயிலடிக்குன்னு நம்பக்கூடாதுய்யா. மேல மலையில மழை கொட்டுது" என்றார் அவர்.

அவர் சொன்னதில் ஒரு புவியியல் பாடமே இருக்கிறது. உச்சியில் பெய்யும் மழை சரிவுகளில் இறங்கி, பல ஓடைகளாகச் சேர்ந்து ஒரே ஆற்றில் விழுகிறது. செங்குத்தான பாறைச் சரிவில் அது நின்று நிதானித்து வராது. கீழே நிற்பவர் தலையில் ஒரு துளிகூட விழாமலே வெள்ளம் வந்துவிடும். முதலில் மண்ணும் சருகும் வந்தால், அதுதான் தந்தி. சில நேரம் தந்திக்கும் வெள்ளத்துக்கும் இடையே ஒரு நிமிடம்கூட இருக்காது.

வேகமாக ஓடும் நீர் அரை அடி ஆழம் இருந்தாலே பெரியவர்களைத் தள்ளிவிடும். உங்கள் மொட்டை மாடியில் 1,000 லிட்டர் தொட்டி இருக்கிறதா? அது நிறைந்திருந்தால் தண்ணீரின் எடை மட்டும் ஒரு டன்! அப்படிப் பல தொட்டிகள் உருண்டு வருவதாக நினைத்துப் பாருங்கள். நீச்சல் தெரிந்தும் பயனில்லை.

2024 மே 17 அன்று பழைய குற்றாலத்தில் இதுதான் நடந்தது. கோடை மழையில் திடீரென்று வெள்ளம் வர, குளித்துக்கொண்டிருந்தவர்கள் அலறியடித்து ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் அடித்துச் செல்லப்பட்டு இறந்துபோனார். உங்கள் அண்ணன் வயது. செய்தியைப் படித்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. எனக்குக் குரல் கொடுக்க ஒருவர் இருந்தாரே!

பேரருவிக்குப் போனால் மேலே பாதுகாப்பு வளைவு இருப்பதைக் கவனியுங்கள். 'ஆர்ச்' என்பார்கள். தண்ணீர் அதைத் தாண்டி விழுந்தால் குளிக்கத் தடை போட்டுவிடுவார்கள். "இவ்வளவு தூரம் வந்தோமே" என்று போலீஸ்காரரிடம் சண்டை போடும் அப்பாக்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள்தான் கையைப் பிடித்து இழுத்து வர வேண்டும். செண்பகாதேவிக்கு இப்போது வனத்துறை அனுமதி இல்லாமல் போக முடியாது. மலைப்பாதையில் தனியாக ஏறுவது உங்கள் வயதுக்கு வேண்டவே வேண்டாம்.

சரி, என் கதைக்கு வருகிறேன். டிக்கெட்டும் கொஞ்சம் பணமும் சட்டைப்பையில் இருந்ததால் பிழைத்தேன். கூரான கற்களில் வெறுங்காலோடு இறங்கி, கடைத்தெருவில் ரப்பர் செருப்பு வாங்கிக்கொண்டு ரயில் ஏறினேன். தாம்பரம் வீட்டு வாசலிலேயே அம்மா கேட்டுவிட்டார்: "பழைய செருப்பு எங்கேடா?"

"அறுந்து போச்சும்மா" என்றேன்.

உண்மையைச் சொல்ல எனக்குப் பத்து வருடம் ஆனது. அன்றைக்கும் திட்டு விழுந்தது!