முடிவு தெரிந்த மற்போர்

மற்போர் தமிழர்க்குப் புதிதன்று. மல்லன் என்ற சொல்லும் மாமல்லன் என்ற பட்டமும் நம் வரலாற்றில் உண்டு. ஆனால் தொலைக்காட்சியில் நாம் காணும் தொழில்முறை மல்யுத்தம் வேறு வகையைச் சேர்ந்தது. அங்கே வெற்றி தோல்விகள் முன்கூட்டியே முடிவு செய்யப்படுகின்றன. "அப்படியானால் அதில் பார்க்க என்ன இருக்கிறது?" என்று கேட்பவர் பலர். அதைவிட வியப்பான கேள்வி ஒன்று உண்டு. முடிவு தெரிந்த இந்த ஆட்டத்தின் பழைய நாட்களை எண்ணி உலகெங்கும் எத்தனையோ பேர் ஏங்குகிறார்களே, அது ஏன்? நானும் அவர்களில் ஒருவன். அந்த நாட்கள் முடிந்த பிறகே பிறந்தவன் என்பது இதில் வேடிக்கை!

தோற்றம்

19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்கத் திருவிழாச் சந்தைகளில் மல்லர்கள் பந்தயம் கட்டிப் பொருதனர். உண்மையான மற்போர் மணிக்கணக்கில் நீளும்; பார்ப்பவர் சலிப்படைவர். எனவே 1920-களுக்குள் ஆட்டத்தின் வேகமும் முடிவும் திட்டமிடப்பட்டன. ஆயினும் அந்த இரகசியம் வெளியே கசியக் கூடாது என்பது தொழில் தர்மம். இதனை மல்லர்கள் தம் குழூஉக்குறியில் 'கேஃபேப்' என்றனர். அரங்கில் பகைவராக இருப்போர் வெளியிலும் ஒன்றாக உணவருந்தலாகாது என்னும் அளவுக்கு இது கடுமையாக இருந்தது.

1948-இல் அமெரிக்க அமைப்பாளர்கள் ஒன்றுகூடி நாட்டை வட்டாரங்களாகப் பிரித்துக்கொண்டனர். ஒருவர் எல்லைக்குள் மற்றவர் நுழைவதில்லை. 1982-இல் தம் தந்தையிடமிருந்து நிறுவனத்தை விலைக்கு வாங்கிய வின்ஸ் மெக்மேன் அந்த வேலியைப் பிடுங்கினார். தொலைக்காட்சியின் துணையுடன் நாடு முழுவதையும் தம் களமாக்கினார்.

நம் நாட்டிலும் இதற்கு வேர் உண்டு. தாராசிங், கிங்காங் என்னும் பெயர்களை நம் பாட்டனார்கள் இன்றும் மறக்கவில்லை. 1968-இல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வென்று உலக வாகையர் பட்டம் பெற்றவர் தாராசிங்.

பொய்யும் மெய்யும்

1989-இல் மெக்மேனின் நிறுவனமே நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தின் முன் 'இது போட்டியன்று, கேளிக்கையே' என்று ஒப்புக்கொண்டது. விளையாட்டு ஆணையத்தின் கட்டுப்பாட்டிலிருந்தும் கட்டணங்களிலிருந்தும் விடுபடுவதே நோக்கம். இரகசியம் உடைந்தது, கூட்டம் குறையவில்லை.

இதில் வியப்பில்லை. தெருக்கூத்தில் துரியோதனன் மாள்வான் என்பது விடிய விடிய விழித்திருக்கும் அனைவருக்கும் தெரியும். வேடம் கட்டியவர் பக்கத்து ஊர்க்காரர் என்பதும் தெரியும். ஆயினும் படுகளத்தில் கண்ணீர் வராமல் இருப்பதில்லை. முடிவுக்காக எவரும் கூத்துக்குப் போவதில்லை. முடிவை நோக்கிச் செல்லும் வழிக்காகவே போகிறார்கள்.

ஆனால் ஒன்று. முடிவுதான் புனைவு, விழுவது புனைவன்று. மேடை என்பது எஃகுச் சட்டத்தின் மேல் மரப்பலகை, அதன் மேல் மெல்லிய மெத்தை, அதன் மேல் கித்தான், அவ்வளவே. மல்லர் தாடையை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படுமாறு விழுகிறார். பரப்பு கூடினால் அழுத்தம் குறையும் என்று நாம் வகுப்பில் படிப்பதை அவர் முதுகால் படிக்கிறார். விசை பரவுகிறது, மறைந்துவிடுவதில்லை.

பொற்காலங்கள்

இரசிகர்கள் போற்றும் காலங்கள் இரண்டு. ஒன்று 1980-கள். 1987 மார்ச் 29 அன்று மிச்சிகன் மாநிலத்துப் பாண்டியாக் அரங்கில் ஹல்க் ஹோகன், மலை போன்ற ஆண்ட்ரேயைத் தூக்கிக் கீழே போட்டார். பார்த்தோர் 93,173 பேர் என்று அறிவிக்கப்பட்டது. ஹோகன் 2025-இல் மறைந்தபோது பலருக்கும் நினைவில் எழுந்தது அந்தக் காட்சியே.

மற்றொன்று 1990-களின் பிற்பகுதி. 1995 முதல் திங்கட்கிழமை இரவுகளில் 'ரா', 'நைட்ரோ' என்ற இரு நிகழ்ச்சிகள் ஒரே நேரத்தில் மோதின. தொடர்ந்து 83 வாரங்கள் நைட்ரோவே முன்னின்றது. போட்டி இருந்ததால் இரு நிறுவனங்களும் வாரந்தோறும் புதுமை தேடின. ஸ்டோன் கோல்ட் ஸ்டீவ் ஆஸ்டின் தம் முதலாளியையே அரங்கில் உதைத்தபோது, மேலதிகாரியிடம் வாய் திறக்க முடியாத எத்தனை தொழிலாளர் மகிழ்ந்திருப்பர்! 2001-இல் ஒரு நிறுவனம் மற்றதை வாங்கியது, போட்டி ஓய்ந்தது. நம் ஊர்களில் இவ்வீரர்கள் கேபிள் வழியாகவும், உயரம், எடை, மார்பளவு அச்சிட்ட சீட்டுக்கட்டுகள் வழியாகவும் வீடுதோறும் நுழைந்தனர். என்னைப் போன்றோர்க்கு அச்சீட்டுகளே முதல் பாடநூல்.

ஏக்கம் ஏன்?

காரணங்கள் மூன்று எனலாம். முதலாவது, காலம் ஒரு சல்லடை. அன்றும் சலிப்பூட்டிய ஆட்டங்கள் ஏராளம், அவை மறக்கப்பட்டன. நல்லவை மட்டும் இன்று துண்டு துண்டாக நம்மிடம் வருகின்றன. ஓராண்டின் சிறந்த பத்து நிமிடங்களை இவ்வாரத்தின் மூன்று மணி நேரத்தோடு ஒப்பிட்டால் எது வெல்லும்? இரண்டாவது, பலர் ஏங்குவது மல்லர்களுக்காக அன்று, தம் சிறுவயதுக்காக. மூன்றாவது, போட்டி உண்மையாகவே இருந்தது. இந்த மூன்றாவது காரணம் மட்டுமே அக்காலத்தின் தனிச்சிறப்பு.

ஏக்கத்தின் விலை

அப்பொற்காலத்தின் புகழ்பெற்ற காட்சி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1998 ஜூன் 28 அன்று பிட்ஸ்பர்க் நகரில், கூண்டின் உச்சியிலிருந்து அண்டர்டேக்கர் மிக் ஃபோலியைக் கீழே எறிந்தார். உயரம் ஏறத்தாழ 16 அடி. கணக்கிட்டுப் பாருங்கள்: விழும் நேரம் ஒரு நொடி, தரையைத் தொடும்போது வேகம் மணிக்குச் சுமார் 35 கிலோமீட்டர். இடையில் ஒரு மேசை முறிந்து அதிர்ச்சியைச் சிறிது தாங்கியது. அன்றே மற்றொரு முறையும் கூண்டின் கூரை பிய்ந்து அவர் விழுந்தார்.

அடுத்த ஆண்டு, 1999 மே 23 அன்று, கான்சஸ் நகரில் ஓவன் ஹார்ட் என்னும் 34 வயது வீரர், வேடிக்கைக்காகக் கூரையிலிருந்து கயிற்றில் இறக்கப்படும்போது பிடி விடுபட்டு விழுந்து மாண்டார். நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை. எஞ்சிய ஆட்டங்கள் நடந்தன. இந்த வீரர்கள் ஒப்பந்தக்காரர்களாகவே கருதப்படுகின்றனர். நிறுவனத்தின் ஊழியர்களாக அல்லர். அவர்களுக்கென்று தொழிற்சங்கமும் இல்லை. கூலிக்கு உடலை வருத்துவோர் வீட்டில் பிறந்தவர்க்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை.

இரும்பு நாற்காலியால் தலையில் அடிப்பது 2010-இல் தடை செய்யப்பட்டது. 'அந்தக் காலத்து வீரம் போய்விட்டது' என்று வருந்தும் இரசிகர் இன்றும் உளர். எது போய்விட்டது என்று அவர்கள் ஒரு கணம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முடிவுரை

பழங்காலத்தை விரும்புவது குற்றமன்று. கதை சொல்லும் திறன், கூட்டத்தைக் கட்டிப்போடும் பேச்சு, போட்டியால் பிறந்த புதுமை ஆகியவை போற்றத்தக்கவை. மீண்டும் வர வேண்டும் என்று கேட்கத்தக்கவை. ஆனால் உடைந்த எலும்புகளை அவற்றோடு சேர்த்துக் கேட்பது முறையாகாது. கூத்தில் துரியோதனன் தொடை முறிந்து வீழ்கிறான். பொழுது விடிந்ததும் வேடம் கலைத்து, தன் காலால் நடந்து வீடு திரும்புகிறான். மற்போர் மேடையில் வீழ்வோரும் அவ்வாறே வீடு திரும்ப வேண்டும்.