குளத்துப் பாசியும் குடிநீரும்

பச்சைச் சாயம் கரைத்தாற்போலக் குளத்து நீர் சில வேளை நிறம் மாறிவிடுவதுண்டு. காற்று ஒதுக்கும் கரையிலே அது தடித்த ஆடையாகத் திரண்டு, நாட்செல்ல நாற்றமும் எடுக்கும். கொத்மலை நீர்த்தேக்கத்தில் 1991ஆம் ஆண்டிலும், கண்டி வாவியில் 1999ஆம் ஆண்டிலும் இவ்வாறு நேர்ந்தது. இரண்டிடத்தும் பெருகியது மைக்கிரோசிஸ்டிஸ் என்னும் நீலப்பச்சைப் பாசியே.

பாசி என்று வழங்கினும் இது உண்மையிற் பற்றீரியா வகையைச் சேர்ந்தது. எனினும் தாவரத்தைப் போலச் சூரிய ஒளியில் உணவாக்க வல்லது. உடலினுள்ளே அமைந்த நுண்ணிய வாயுப் பைகளின் துணையால் மேலே மிதந்து, ஒளியைத் தனதாக்கிக் கொள்கிறது. வயல்களிலிருந்து வழியும் பசளையும் ஊர்க் கழிவுநீரும் அதற்கு விருந்து.

தென் அவுஸ்திரேலியாவின் அலெக்சாந்திரினா ஏரியில் நீர் அருந்திய கால்நடைகள் மடிந்ததை, ஜோர்ஜ் பிரான்சிஸ் என்பார் 1878இல் 'நேச்சர்' சஞ்சிகையில் அறிவித்தார். அங்கே கேடு செய்தது நொடுலாரியா என்னும் வேறோர் இனம். மைக்கிரோசிஸ்டிஸ் ஆக்கும் நஞ்சோ ஈரலைத் தாக்குவது. குடிநீரில் அதன் அளவு இலீற்றருக்கு 1 மைக்கிரோகிராமை மிஞ்சலாகாது என்பது உலக சுகாதார தாபனத்தின் வழிகாட்டல். கொதிக்கவைத்தால் தீங்கு நீங்கும் என நம்புவோர் பலர். கொதிநீரிற் பாசி சாகும், நஞ்சு அழியாது. மாறாக, பாசியின் உள்ளிருந்த நஞ்சும் வெளிப்பட்டு நீரிற் கலந்துவிடும்.

ஒரே இனத்துள்ளேயே நஞ்சுடைய வழியும் நஞ்சற்ற வழியும் உண்டு. நுணுக்குக்காட்டியில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆதலால் ஆராய்ச்சியாளர் மென்வலையாற் பாசியை வடித்தெடுத்து, மயிர்போன்ற கண்ணாடிக் குழாயால் ஒரேயொரு திரளைப் பிரித்து, துளித்துளியாகத் தூய நீரிற் கழுவி, உப்பூட்டம் நிறைந்த குடுவையில் மங்கிய ஒளியில் வளர்க்கின்றனர். பொறுமையைச் சோதிக்கும் வேலைதான்! தனிவழியாக அது பெருகிய பின்னரே நஞ்சு உண்டா, எவ்வெப்பத்தில், எவ்வூட்டத்தில் விரைந்து வளரும் என்று சோதிக்கலாம்.

பிறநாட்டு வழிகளை வைத்து எங்கள் குளங்களை அளப்பது பொருந்தாது என்பேன். ஐரோப்பிய ஏரிகளிற் கோடையிற் பெருகும் பாசி குளிர்காலத்தில் அடங்கும். இங்கோ ஆண்டு முழுதும் வெப்பம். மழையும் வரட்சியுமே பருவத்தை வகுக்கின்றன. இலங்கையின் நன்னீர்ப் பாசிகளைப் பற்றிப் பிரிட்ஸ் என்னும் அறிஞர் 1907இலேயே எழுதியிருக்கிறார். எனினும் பெயர்ப் பட்டியல் நஞ்சைக் காட்டாது; அதற்கு உயிருள்ள பாசி வேண்டும். அதனாலேயே சேகரிப்போர் போத்தலை அரைவாசி மட்டும் நிரப்பி, வெயில் படாது குளிர்ச்சியாக வைத்து, இயன்றவரை அன்றைக்கே ஆய்வுகூடத்திற் சேர்க்கின்றனர்.