மூக்கின் தண்ணீர்க் கணக்கு

டிசம்பர் விடுமுறையில் டெல்லி, ஸ்ரீநகர் என்று கிளம்பினால், போய் இறங்கிய இரண்டொரு நாளில் தொண்டை கட்டிக்கொள்கிறது. முன்கூட்டியே எதிர்ப்பு சக்தி மாத்திரை போட்டுக்கொண்டால் தப்பிக்கலாமா என்று வாசகி ஒருவர் கேட்டிருக்கிறார். மாத்திரை பிறகு. முதலில் மூக்கைப் பார்த்துவிடலாம். அங்கே நடக்கும் வேலை அவ்வளவு அழகு.

நுரையீரலை எட்டும் காற்று 37 டிகிரிச் சூட்டில், முழு ஈரத்தோடு இருந்தாக வேண்டும். அப்படிப்பட்ட காற்றில் கன மீட்டருக்கு 44 கிராம் தண்ணீர் இருக்கும். சென்னையின் மார்கழி இரவுக் காற்றில் ஏற்கெனவே 18 கிராம் போல இருக்கிறது. டெல்லிப் பனிமூட்டத்தைப் பார்த்தால் ஈரத்தில் ஊறிய காற்று என்றுதான் தோன்றும். ஆனால் 6 டிகிரியில் காற்று சுமக்கக்கூடிய நீராவியே 7 கிராம்தான். ஸ்ரீநகரின் பூஜ்ய டிகிரிக் காற்றில் 5 கிராமுக்கும் குறைவு. அதையே ஹீட்டர் வைத்து 22 டிகிரிக்குச் சூடாக்கினால் தண்ணீர் கூடுவதில்லை. ஈரப்பதம் 25 சதவீதத்துக்கு இறங்கிவிடுகிறது. பறக்கும் விமானத்துக்குள் அது 20 சதவீதத்துக்கும் கீழே போகும். சென்னையில் விமானம் ஏறியவரின் மூக்கு, மீனம்பாக்கம் கண்ணிலிருந்து மறைந்த கொஞ்ச நேரத்திலேயே ஸ்ரீநகர் வறட்சிக்குள் நுழைந்துவிடுகிறது.

குறையும் தண்ணீரைத் தருவது பெரும்பாலும் மூக்குதான். ஒரு நாளில் நாம் இழுக்கும் காற்று சுமார் 10 கன மீட்டர். சென்னையில் கால் லிட்டர் போதுமென்றால் ஸ்ரீநகரில் 400 மில்லிக்குப் பக்கத்தில் வேண்டும். மூச்சை வெளியே விடும்போது அதில் ஒரு பங்கை மூக்கு திரும்பப் பிடித்துக்கொள்கிறது: உள்ளே போன குளிர்காற்றில் சில்லிட்ட சுவர்களில், வெளியேறும் ஆவி நீராகப் படிகிறது. குளிரில் நடக்கும்போது மூக்கு ஒழுகுவதற்கு இதுவும் ஒரு காரணம். அதை நோய் என்று எண்ணி மாத்திரை விழுங்க வேண்டாம்.

இந்தச் செலவு ஏன் முக்கியம்? மூக்கின் உட்சுவரில் ஈரம் இரண்டு அடுக்காக இருக்கிறது. மேலே பிசுபிசுப்பான சளிப்படலம். அடியில் 7 மைக்ரான் அளவே ஆழமுள்ள நீர்த்த திரவம். அந்தத் திரவத்துக்குள் குறுயிழைகள் நிற்கின்றன, செல்லுக்கு 200 போல. நொடிக்குப் பத்துப் பதினைந்து தடவை அவை வீசுகின்றன. முன்னால் வீசும்போது விறைத்து நிமிர்ந்து, நுனியால் மட்டும் மேல்படலத்தைப் பற்றித் தள்ளுகின்றன. திரும்பும்போது குனிந்து, படலத்தைத் தொடாமல், அடித்திரவத்துக்குள்ளேயே வந்துவிடுகின்றன. போகையில் தொட்டும் வருகையில் தொடாமலும் இருப்பதால்தான் படலம் ஒரே திசையில், நிமிடத்துக்குச் சில மில்லிமீட்டர் வேகத்தில், தொண்டையை நோக்கி நகர்கிறது. அதில் ஒட்டிய தூசியும் வைரஸும் வயிற்று அமிலத்தில் போய் விழுகின்றன. சாக்கரின் துகள் ஒன்றை மூக்கினுள் வைத்து, தொண்டையில் எப்போது இனிக்கிறது என்று மருத்துவர்கள் பார்ப்பதுண்டு. நல்ல மூக்கென்றால் 20 நிமிடத்துக்குள் இனித்துவிடும். இவ்வளவு எளிய சோதனையை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பூரிப்பாக இருக்கிறது.

சளியில் 95 சதவீதம் தண்ணீர். அதற்கும் தோசை மாவைப் போல ஒரு பதம் உண்டு. மூடாமல் மின்விசிறிக்கடியில் வைத்த மாவில் ஏடு கட்டும். கரண்டியால் தேய்த்தால் விரியாது, திட்டுத் திட்டாகப் பிய்ந்து வரும். வறண்ட காற்றில் குறுயிழைகள் படும் பாடும் அதுதான். மாவு நீர்த்துப்போனாலும் ஆகாது, கல்லில் ஓடும். ஒழுகும் மூக்கில் இழைகளுக்குப் பிடி கிடைப்பதில்லை. கெட்டி மாவின் தலையில் ஒரு சொம்புத் தண்ணீரைக் கொட்டினால் கட்டி தட்டும். உப்புத் தண்ணீரைக் கொஞ்சமாகத் தெளித்துக் கரைக்க வேண்டும், மருந்துக்கடை உப்புநீர்ச் சொட்டு செய்வதும் அதையே. எல்லாவற்றையும்விட எளிது, முதலிலேயே தட்டுப் போட்டு மூடிவைப்பது. நம்மவர்கள் குளிர் என்றதும் மப்ளரால் காதைக் கட்டுகிறார்கள், மூக்கைத் திறந்து விடுகிறார்கள். மூக்கையும் வாயையும் சால்வையாலோ முகக்கவசத்தாலோ மூடினால், வெளிவிடும் ஈரம் துணியில் தங்கி அடுத்த மூச்சோடு உள்ளே வரும்.

வரலாறு கொஞ்சம். இங்கிலாந்தின் சாலிஸ்பரியில் 1946இல் தொடங்கிய ஜலதோஷ ஆய்வு நிலையம், ஆட்களை ஈரத்தோடு குளிரில் நிற்கவைத்தும் பார்த்தது. குளிரால் மட்டும் ஜலதோஷம் வருகிறது என்று நிறுவ முடியவில்லை. 2007இல் நியூயார்க்கில் கினிப்பன்றிகளை வைத்துச் சோதித்தபோது, 20 சதவீத ஈரப்பதத்தில் தாராளமாகப் பரவிய ஃப்ளூ 80 சதவீதத்தில் பரவவில்லை. 2019இல் யேல் பல்கலைக்கழகத்தார், வறண்ட காற்றில் வளர்த்த எலிகளில் இந்தச் சளி நகர்வு தளர்வதைக் காட்டினார்கள்.

ஆனால் வறட்சிதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சென்னையில் ஃப்ளூ ஏறுவது மழை மாதங்களில், காற்றில் ஈரம் சொட்டும்போது. ஸ்ரீநகரில் ஏறுவது குளிர்காலத்தில். நாட்டுக்குள் பயணம் போகிறவர் இன்னொரு ஊரின் ஃப்ளூ பருவத்துக்குள் போகிறார். முதியவர்கள், கர்ப்பிணிகள், நீரிழிவு, ஆஸ்துமா உள்ளவர்கள் கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்பே ஃப்ளூ தடுப்பூசி போட்டுக்கொள்வது நல்லது. அது வேலை செய்ய அவ்வளவு நாள் ஆகும்.

மாத்திரைக்கு வருகிறேன். வைட்டமின் சி நாள்தோறும் விழுங்குவதால் சாதாரண மக்களுக்கு ஜலதோஷம் வருவது குறைவதில்லை. மாரத்தான் ஓட்டக்காரர்கள், பனிச்சறுக்கு வீரர்கள், கடுங்குளிரில் பயிற்சி செய்யும் ராணுவத்தினர் ஆகியோரிடம் மட்டும் பலன் தெரிந்திருக்கிறது. தால் ஏரியில் ஷிகாரா சவாரி போகிறவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார். அந்தக் காசுக்கு உப்புநீர்ச் சொட்டும் நல்ல சால்வையும் வாங்கலாம்.

குளிர் ஊர்களில் தொண்டைக்கட்டைவிடப் பெரிய ஆபத்து ஒன்று உண்டு. மூடிய அறையில் கரி கனலும் அங்கீட்டி. அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணம் கிடையாது. ரத்தத்தின் ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுகப் பற்றிக்கொள்ளும். தலைவலி, குமட்டல் என்று தொடங்குவதால் பயணக் களைப்பு என்று நினைத்துப் படுத்துவிடுவார்கள். வட மாநிலங்களில் குளிர்காலந்தோறும் அப்படிப் படுத்தவர்கள் இறந்த செய்தி வருகிறது. மின்சாரம் போன இரவில் விடுதிக்காரர் அன்போடு கனப்பு கொண்டுவந்து வைத்தால், தூங்குமுன் அதை வெளியே எடுத்துவைக்கச் சொல்லிவிட்டு இன்னொரு ரஜாய்ப் போர்வை கேளுங்கள்.