மூடி வரும் சுவரை யார் பார்ப்பது?

இந்திய வீட்டுத்திட்டக் காலத்தில் கிளிநொச்சிப் பக்கம் தொழில்நுட்ப உத்தியோகத்தராக வேலை செய்தவன் நான். சனத்துக்கு நாங்கள் ‘ரீ.ஓ.’மார். 2012இல் வன்னியெங்கும் அந்தத் திட்டம் சூடு பிடித்தபோது, தறப்பாளுக்கும் தகரக் கொட்டிலுக்கும் கீழே இருந்த குடும்பங்கள் தாங்களே மேசனைப் பிடித்துக் கட்டின. வீட்டுக்கு 550,000 ரூபா, தவணை தவணையாக. அத்திவாரம் சரியென்று நான் எழுதினால்தான் அடுத்த காசு வரும். கிடங்குக்குள் இறங்கி ஆழம் அளப்பேன், கல்லுக்கட்டில் தூக்குக்குண்டு பிடிப்பேன். சரிவு கண்டால் இடிக்கச் சொல்வேன். மேசனின் முகம் கறுக்கும், அது வேறு கதை.

கல்வீடு எல்லாருடைய கண்ணுக்கும் முன்னால் எழும்புவது. தொழிற்சாலை வீடு அப்படியில்லை. உருக்குச் சட்டம், இடையில் காப்புப் பஞ்சு, இருபக்கமும் பலகை என்று அதன் சுவர் மூடியபடியே லொறியில் வந்து இறங்கும். உள்ளே திருகாணி இறுகியிருக்கிறதா, கம்பி ஒழுங்காக ஓடுகிறதா என்று பார்க்க என் தூக்குக்குண்டால் ஆகாது.

இதை நாங்கள் யோசிக்க வேண்டி வந்தது, வடக்கு கிழக்குக்கு 65,000 உருக்குப் பொருத்துவீடுகள் வரப்போகின்றன என்ற அறிவிப்போடுதான். 2015இன் பிற்பகுதியில் மீள்குடியேற்ற அமைச்சு முன்வைத்த திட்டம் அது. டி.எம். சுவாமிநாதன் அமைச்சர், ஆர்செலர் மிட்டல் தெரிவான நிறுவனம். வீடொன்றுக்கு ஏறத்தாழ 21 இலட்சம் என்றார்கள். யாழ்ப்பாணத்தில் மாதிரி வீடுகளும் எழும்பின.

மொறட்டுவைப் பல்கலைக்கழகக் கட்டடப் பொறியியலாளர்கள் அந்த வீட்டை ஆராய்ந்து சொன்ன குறைகளைப் பாருங்கள்: அத்திவாரம் போதாது, கூரைக்குத் தாங்கல் போதாது, காற்றோட்டம் குறைவு, உருக்கு துருப்பிடிக்கும், விறகடுப்புக்கும் புகைபோக்கிக்கும் இடமில்லை. கடைசிக் குறையைக் கண்டுபிடிக்கப் பொறியியலாளரே தேவையில்லை. படத்தைப் பார்த்த ஆச்சி ஒருவர் என்னைக் கேட்ட முதற் கேள்வி, “உதில புகை எங்கால போறது, தம்பி?”

துருவைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். மெல்லுருக்குச் சட்டத்தைக் காப்பது அதன் துத்தநாகப் பூச்சு. சிறு கீறலென்றால் சுற்றியுள்ள துத்தநாகம் தன்னைத் தின்னக் கொடுத்து இரும்பைக் காக்கும். ஆனால் நீர் தேங்கும் அடிச்சட்டத்திலும், முல்லைத்தீவுக் கரையின் உப்புக் காற்றிலும் அந்தப் பூச்சு வேகமாகத் தேயும். ஆகவே பூச்சு எவ்வளவு தடிப்பு என்பதை, வீடு நிற்கப்போகும் இடத்தைப் பார்த்துத்தான் தீர்மானிக்க வேண்டும். முறிகண்டிக்குப் போதுமானது முள்ளிவாய்க்காலுக்குப் போதாமற் போகலாம். காற்றும் அப்படித்தான். கல்வீட்டைப் பாதி அதன் பாரமே பிடித்து வைத்திருக்கும். பாரமில்லாத வீட்டைக் கூரையிலிருந்து அத்திவாரம் வரை ஆணியும் பட்டியும் தொடர்ச்சியாகப் பிடிக்க வேண்டும். 1978 நவம்பரில் மட்டக்களப்பைப் புரட்டிய சூறாவளியை நேரில் கண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களைக் கேளுங்கள்.

மூடி வரும் சுவரென்ற சிக்கலுக்கு அமெரிக்கா ஒரு வழி கண்டது. 1976 ஜூன் 15 முதல் அங்கே சக்கரச் சட்டத்தின்மேல் தொழிற்சாலையில் கட்டி இழுத்து வரும் வீடுகளுக்கு நாடு முழுவதற்கும் ஒரே விதிக்கோவை. பரிசோதகர் தொழிற்சாலைக்கே போய், சுவர் மூடுவதற்கு முன் பார்க்கிறார். தேறிய ஒவ்வொரு பகுதியின் வெளிப்புறத்திலும் சிவப்பு உலோகச் சிட்டை. 1992இல் ஆண்ட்ரூ சூறாவளி புளோரிடாவில் இப்படியான வீடுகளை அள்ளிக்கொண்டு போன பிறகு, 1994இல் காற்று விதிகளை இறுக்கினார்கள். துண்டு துண்டாகக் கொண்டுவந்து நிலையான அத்திவாரத்தில் பொருத்தும் ‘மொடியுலர்’ வீடு வேறு வகை. அது போய் நிற்கும் ஊரின் கட்டட விதிக்குத்தான் அடங்க வேண்டும்.

தொழிற்சாலை வீடே கூடாது என்று நான் சொல்லவில்லை. சென்னை பெரும்பாக்கத்தில் முன்வார்ப்புக் கொங்கிறீற்றுத் துண்டுகளைப் பொருத்தியே 1,152 வீடுகள் கட்டி 2022இல் திறந்தார்கள். அங்கே பாகங்கள் கொங்கிறீற்று, அடுக்குமாடி, நகரம். இங்கேயோ வளவுக்குள் தனிவீடு. மகளுக்குக் கலியாணம் என்றால் பக்கத்தில் ஓர் அறை இறக்க வேண்டும், அதற்கு உள்ளூர் மேசன் போதும் என்றிருக்க வேண்டும். உருக்குச் சுவரில் அறை இறக்க எந்த மேசனைக் கூப்பிடுவது?

65,000 வீட்டுத் திட்டம் எதிர்ப்பில் தேய்ந்து போனது. 2018இல் வடக்குக்கென ஒரு சீன நிறுவனம் 40,000 கொங்கிறீற்று வீடுகளோடு வந்தபோதும் சனம் கல்வீடுதான் கேட்டது. அதுவும் நின்றது. எனக்குக் குறை ஒன்றுதான்: இரண்டு தடவையும் எண்ணிக்கையும் விலையும் முதலில் வந்தன, அளவுகோல் பிறகுதான் வந்தது.

இப்போது வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் காசில் பொருத்துவீடு போட யோசிப்பவர்கள் என்னிடம் வருகிறார்கள். முற்பணம் கொடுக்க முதல் வரைபடத்தை வாங்கிப் பிரதேச சபையில் அனுமதி எடுங்கள் என்கிறேன். உருக்கின் தடிப்பு, துத்தநாகப் பூச்சின் அளவு, எத்தனை நங்கூர ஆணி என்பதெல்லாம் பில்லில் எழுத்தில் இருக்க வேண்டும். சுவர்ப்பலகை அடிக்கிற நாளுக்கு முதல்நாள் ஒரு ரீ.ஓ.வையோ பொறியியலாளரையோ பட்டறைக்குக் கூட்டிக்கொண்டு போய்ச் சட்டத்தைக் காட்டுங்கள். பட்டறைக்காரர் அதற்கு மறுத்தால் வேறு ஆளைப் பாருங்கள்.