பிறவிக் குறையா, பிற்காலக் காயமா?

உண்டியலில் கிடக்கும் ஐந்து ரூபாய் நாணயம் பல இலட்சத்துக்கு விலைபோகுமாம். அதை விற்றுச் சிகிச்சைச் செலவைக் கட்டிவிடலாமா என்று நோயாளிகளின் உறவினர் சிலர் என்னிடம் கேட்பதுண்டு. நான் நாணயம் சேர்ப்பவன் என்பதை அறிந்தே கேட்கிறார்கள். கைப்பேசியில் வரும் விளம்பரங்கள் தரும் நம்பிக்கை அது.

நாணயம் உருவாகும் விதத்தை முதலில் அறிய வேண்டும். உலோகத் தகட்டிலிருந்து வட்ட வில்லைகள் வெட்டப்படுகின்றன; அவற்றின் விளிம்பு உயர்த்தப்படுகிறது; பின்னர் இரண்டு அச்சுகளுக்கு நடுவே வைத்து அழுத்தப்படுகின்றன. இக்கட்டங்களில் நேர்ந்த தவறே அச்சுப்பிழை. அச்சாலையை விட்டு வெளியேறியபின் ஏற்பட்ட கீறலும் நசுங்கலும் வெறும் சேதமே. மருத்துவத்தில் பிறவிக் குறையையும் பிற்காலக் காயத்தையும் நாங்கள் பிரித்தறிவது போலத்தான் இதுவும்.

பிறை வடிவில் விளிம்பு வெட்டுப்பட்ட நாணயத்தை எடுத்துக்கொள்வோம். வில்லை வெட்டும்போதே நேர்ந்த குறையென்றால், வெட்டுக்கு நேரெதிரே உள்ள விளிம்பு பெரும்பாலும் மழுங்கியிருக்கும். விளிம்பை உயர்த்துகையில் வெட்டுப்பட்ட பக்கத்திலிருந்து அழுத்தம் கிடைக்காததே காரணம். அரம் கொண்டு தேய்த்தவருக்கு இந்த நுட்பம் எட்டுவதில்லை.

இன்னொரு வகை, என் விருப்பத்துக்குரியது: முன்பு அச்சான நாணயம் அச்சிலேயே ஒட்டிக்கொள்ள, அடுத்த வில்லையின் ஒரு பக்கத்தில் அதன் உருவம் குழிந்தும் இடவலம் மாறியும் பதிந்துவிடும். சிங்கத் தலையை நேராகப் பிடித்து, புத்தகப் பக்கம் போலத் திருப்புங்கள். மறுபக்கமும் நேராக நிற்க வேண்டும். சாய்ந்திருந்தால் அச்சு சுழன்றிருக்கிறது. சிறு சாய்வுக்கு மதிப்பு மிகக் குறைவு.

ஆண்டின் கீழே குறி இல்லையென்றால் அது பிழையன்று. மும்பைக்கு வைரக்குறி, ஐதராபாத்துக்கு நட்சத்திரம், நொய்டாவுக்குப் புள்ளி. கொல்கத்தா நாணயங்களுக்குக் குறியே கிடையாது. வைஷ்ணோ தேவி உருவம் பொறித்தவையும் நினைவு நாணயங்களே. பிழை நாணயங்கள் அல்ல.

எடையும் பார்க்கலாம்: பத்து ரூபாய் நாணயம் சுமார் 7.7 கிராம் இருக்க வேண்டும். புளியோ சாம்பலோ போட்டுத் துலக்காதீர்கள். துலக்கிய நாணயத்தைச் சேகரிப்போர் விரும்புவதில்லை.

மதிப்புக்கு நிலையான பட்டியல் எதுவும் இல்லை. பிழை வெறுங்கண்ணுக்குத் தெரிகிறதா, ஆண்டு படிக்கும்படி உள்ளதா, அதை நாடுவோர் எத்தனை பேர் என்பவையே விலையைத் தீர்மானிக்கும். விளம்பரத்தில் கேட்கப்படும் விலையை நம்பாமல், ஏலத்தில் உண்மையாக விற்ற விலையைப் பாருங்கள். பெரும்பாலான சிறு பிழைகள் முகமதிப்பைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான்.

வாங்குபவர்தான் பணம் தர வேண்டும். பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று உங்களிடம் முன்பணம் கேட்டால் அது மோசடி. பழைய நாணயங்களை வாங்கி விற்கும் செயலில் தான் ஈடுபடுவதில்லை, அதற்குக் கட்டணமோ தரகோ கேட்பதுமில்லை என ரிசர்வ் வங்கி 2021 ஆகஸ்டில் எச்சரித்தது. பணத்தை இழந்திருந்தால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். செலவு குறித்த கவலைக்கு, முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் நீங்கள் பயன்பெற இயலுமா என்று முதலில் விசாரியுங்கள்.

மருத்துவராக ஒன்று: நாணயங்களைப் பரப்பிவைத்துப் பார்க்கும்போது சிறு குழந்தைகள் அருகில் வேண்டாம். குழந்தை விழுங்கியது நாணயமா, பொத்தான் மின்கலமா என்று தெரியாவிட்டால் உடனே அழைத்து வாருங்கள். உணவுக்குழாயில் சிக்கிய மின்கலம் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே கடும் புண்ணை உண்டாக்கிவிடும்.